உள்ளூர்ப் பொருள்

"மண்ணு மேல குடியிருக்கோணும். வேலை அவ்வளவுதானுங்க்கா," என்றான் வீடு கட்டும் மேஸ்திரி நாச்சிமுத்து.

சிந்தாமணி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "இப்ப என்ன, ஆகாசத்துலயா குடியிருக்கறோம்?"

"இந்த மண்ணு இல்லீங்க. நான் கொண்டாந்து கொட்டற மண்ணு. சத்தியமங்கலத்துச் செம்மண்ணு."

காரைப்பாளையத்தில் அந்த வருடம் இரண்டு பேர் சந்தித்தால் மண்ணைப் பற்றித்தான் பேச்சு. உள்ளூர்க் கட்டுமானச் சட்டம் வந்துவிட்டது. எந்த வீடானாலும் அந்தந்த ஊர் மண்ணில்தான் எழும்ப வேண்டும். சிமென்ட் கூடாது, ஏ.சி. கூடாது. பூமி சூடாவதற்குக் காரணமான வீடுகளை முதலில் அப்புறப்படுத்துவது என்று மண்காப்பு வாரியம் தீர்மானித்து, தேடோ தேடென்று தேடிக் கடைசியில் சிமென்ட் அட்டைக் கூரை போட்ட லைன் வீடுகளைக் கண்டுபிடித்தது. சிந்தாமணியின் வீட்டில் பாதி ஏற்கெனவே இடிந்தாகிவிட்டது. மிச்சப் பாதி இடிந்ததும் அவர்கள் போக வேண்டிய இடம், தொலைதூரத்தில் ஓர் எட்டு மாடிக் குடியிருப்பு. அது முழுக்கக் கான்கிரீட். சட்டத்துக்கு முன்னால் கட்டியதாம், அதனால் பாதகமில்லையாம்.

சிந்தாமணிக்கு வேண்டியதெல்லாம் இதுதான்: இந்த ஊரைவிட்டுப் போகக் கூடாது, மிதுனாவின் படிப்பும் நிற்கக் கூடாது. மகள் அப்போதுதான் பத்தாவது முடித்திருந்தாள்.

"செம்மண்ணு எதுக்குங் தம்பி? இங்கதான் கரிசல் கெடக்குதே கொள்ளையா."

"கரிசல் செவுத்துக்கு ஆகாதுங்க. மழைக்கு உப்பும், வெயிலுக்குப் பொளந்துக்கும். வெளிநாட்டுல இருந்து வந்து இங்க ஊடு கட்டற விஞ்ஞானி யோகமூர்த்தி சாருக்குச் செம்மண் ஊடுதான் வேணுமாம். ஆனா வாரியத்து மூக்கு ஒத்துக்காது."

மூக்கு என்பது ஒரு கருவி. அதற்கு வாரியம் வைத்த பெயர் வாயில் நுழையாத நீளம். ஊசி மாதிரி ஒரு முனையைச் சுவரில் குத்துவார்கள். சற்று நேரம் முனகும். பிறகு எந்த ஊர் மண் என்று சொல்லிவிடும். அதைத் தூக்கிக்கொண்டு வரும் பூபதியை எல்லோரும் மூக்கு ஆபீசர் என்றுதான் சொன்னார்கள்.

"மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுருக இருக்குதுங்க்கா. ஊருக்கு ஊரு வேற. மூக்கு அதைத்தான் மோந்து பாக்குது," என்றான் நாச்சிமுத்து.

"அப்பச் சத்தியமங்கலம்னு சொல்லிப் போடுமே."

"அதுக்குத்தான் நீங்க. நம்ம ஒடம்பு மேலயும் அந்த உசுருக இருக்குது. இந்த ஊர்லயே பொறந்து, இந்தத் தண்ணியவே குடிச்சு வளந்தவங்க ஒரு வருசம் அந்த மண்ணு மேல பொழங்குனா, மண்ணும் இந்த ஊரா மாறிப் போகும். ஏமாத்து இல்லீங்க, வாரியமே ஒத்துக்கற மொறைதான். நெசமாலுமே மாறிப் போகும்."

கட்டிலில் படுத்திருந்த அவள் புருஷன் ஆறுச்சாமி தலையைத் தூக்கினார். தறி நின்றுபோனதிலிருந்து அவருக்குக் கட்டில்தான் உத்தியோகம். "நாங்கூட ஊரை விட்டு வெளிய போனதே இல்லீங் தம்பி," என்றார், பெரிய படிப்புப் படித்தவர் மாதிரி.

"உங்களை நெனச்சுத்தானுங் மாமா வந்ததே."

நிபந்தனைகளைச் சொன்னான். வடித்த கஞ்சியை அங்கேயே ஊற்ற வேண்டும். பாத்திரம் அங்கேயே கழுவ வேண்டும். இரண்டு ஆடு கட்ட வேண்டும். செருப்பு ஆகாது. சண்டை வந்தால் பந்தலுக்குள்ளேயே போட வேண்டும்.

"சண்டைக்கு எதுக்குங் தம்பி மண்ணு?"

"எச்சி தெறிக்குமில்லீங்க."

சிந்தாமணி பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "சரி. மண்ணு இந்த ஊர்க்காரன் ஆயிட்டான். அப்பறம் நாங்க?"

"சார் ஊட்டுலயே காவக்காரர் ரூம் ஒண்ணு வருதுங்க. உங்களுக்குத்தான்."

யோகமூர்த்தியின் மனையில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண்ணைப் பரப்பி, மேலே பந்தல் போட்டுக் கொடுத்தான். மூவரும் இரண்டு ஆடுகளும் குடிபோனார்கள். முதல் வாரம் சோற்றில், தலையணையில், மிதுனாவின் கணக்குப் புத்தகத்தில் எல்லாம் சத்தியமங்கலம். போகப் போக எது மண், எது தாங்கள் என்று தெரியாத அளவுக்குப் பழகிவிட்டது.

ஈரோட்டிலிருந்து சிந்தாமணியின் தங்கை குடும்பத்தோடு வந்து நான்கு நாள் தங்கிவிட்டுப் போனாள். அடுத்த வாரம் பூபதி மூக்கைக் குத்திப் பார்த்துவிட்டு, கவலையாக நிமிர்ந்தார்.

"ஈரோட்டு வாடை அடிக்குதுங்களே."

நாச்சிமுத்து ஓடி வந்தான். "அக்கா, மண்ணு பழுக்கற வரைக்கும் ஒறம்பரை வேண்டாமுங்க. நீங்களும் எங்கயும் போக வேண்டாமுங்க."

"தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் வருது தம்பி."

"வீடியோவுல பாத்துக்கலாமுங்க."

வீடியோவில்தான் பார்த்தாள். தாலி கட்டும் நேரத்தில் படம் நின்றுவிட்டது. தங்கை அதன் பிறகு பேசவில்லை.

ஒரு நாள் யோகமூர்த்தியின் மனைவி தாரிணி வந்தாள். முகத்தில் துணி, கைக்கு உறை, காலுக்குப் பிளாஸ்டிக் பை. பந்தலுக்குள் எட்டிப் பார்த்து, "இவங்க எல்லாம் யாரு?" என்றாள்.

"மண்ணைப் பக்குவம் பண்றவங்க மேடம். மண்ணு தவத்துல இருக்குது," என்றான் நாச்சிமுத்து.

தவத்தில் இருந்த மண்ணின்மேல் ஆறுச்சாமி வாயைத் திறந்து உறங்கிக்கொண்டிருந்தார். தாரிணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்க மாமனாரோட தாத்தா காலத்துக்கும் முன்னாடி இருந்தே எங்களுக்கு இந்த ஊர்தாங்க. டொரன்டோல என்ன இல்ல? ஆனா மண் வாசனை இல்ல. அதுக்காகவே எல்லாத்தையும் வித்துட்டு வந்தோம்." குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து முகத்துணிமேல் வைத்து முகர்ந்தாள். கண் கலங்கியது. "என்ன ஒரு வாசனை."

"இப்பத்தான் கருவாடு கழுவி ஊத்துன எடம்," என்று மிதுனா முணுமுணுத்தாள். சிந்தாமணி அவள் தொடையைக் கிள்ளினாள்.

வருடம் திரும்பியது. மூக்கு சந்தோஷமாகக் கூவி, காரைப்பாளையம் என்றது. மண் ஊர்க்காரன் ஆனான். பந்தலைப் பிரித்தார்கள், மண்ணைக் குழைத்து இடித்துச் சுவர் எழுப்பினார்கள். முழங்கை அகலச் சுவர். உள்ளே இருந்த உயிர்கள் மூச்சு விடும்போது ஈரமும் விடுமாம். அந்த ஈரத்தில் சித்திரை வெயிலிலும் வீடு பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்திருக்குமாம். மின்சாரமே வேண்டாம்.

காவல்காரர் அறை மட்டும் வரவில்லை.

"ஆர்க்கிடெக்ட் எடுத்துட்டாருங்க்கா," என்றான் நாச்சிமுத்து, தரையைப் பார்த்தபடி. "அந்த ரூம் வந்தா வீட்டோட ஆத்மா கெட்டுப் போகுதாம்."

"ஆத்மாவுக்கு எங்க கால் தூசி வேணும். நாங்க வேண்டாமா?"

எட்டு மாடிக் குடியிருப்பில் ஏழாவது மாடி கிடைத்தது. மிதுனா இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போனாள். திரும்பி வரும்போது இருட்டிவிடும். பாதி நாள் பஸ்ஸிலேயே தூங்கிவிடுவாள். இதற்குத்தானா ஒரு வருடம் மண்ணில் புரண்டோம் என்று சிந்தாமணிக்கு ஆற்றாமையாக இருந்தது. ஆறுச்சாமி கான்கிரீட் சுவரில் முதுகைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ஒட்ட மாட்டேங்குது புள்ள," என்றார்.

அரை வருடம் போயிருக்கும். நாச்சிமுத்து ஏழு மாடியும் படியேறி வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"செவுரு செத்துக்கிட்டு இருக்குதுங்க்கா."

"ஆத்மா என்ன பண்ணுது?"

"கிண்டல் பண்ணாதீங்க. மாமாவையும் கூட்டிக்கிட்டு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. உங்களால ஆகற காரியம்."

செம்மண் வீட்டுக்குள் வெக்கை அடுப்படி மாதிரி இருந்தது. யோகமூர்த்தி பனியனோடு விசிறிக்கொண்டிருந்தார். பெரிய விஞ்ஞானி, பாவம், விசிறத் தெரியவில்லை. பூபதி மூக்கைச் சுவரிலிருந்து உருவினார்.

"செவுத்து உசுரு பாதிக்கும் கீழ போயிருச்சுங்க சார். தினமும் கிருமிநாசினி போட்டுத் தொடைக்கறீங்களா?"

"சுத்தமா இருக்க வேண்டாமா?" என்றாள் தாரிணி.

"செவுரே கிருமிதானுங்க மேடம். அது உள்ள இருக்கறவங்க மூச்சுல, வேர்வையில பொழைக்குது. நீங்க வேர்க்கறதும் இல்ல, வேர்த்தாலும் அதுக்குப் புடிக்கல. இப்பிடியே போனா ஊட்டைக் காலி பண்ணி, மண்ணைச் சத்தியமங்கலத்துக்குத் திருப்பி அனுப்பணும்னு விதி."

யோகமூர்த்திக்குக் கோபம் வந்தது. "ஏழு தலைமுறையா நாங்க இந்த ஊர்."

"பட்டா சொல்லுதுங்க சார். மூக்கு சொல்லணுமில்லீங்க."

அவர் கையை நீட்டினார். பூபதி தயங்கியபடியே முனையை உள்ளங்கையில் வைத்தார். மூக்கு நெடுநேரம் முனகியது. சூடேறியது. கடைசியில் ஓய்ந்துவிட்டது.

"எந்த ஊருன்னு தெரியலைங்குதுங்க."

"டொரன்டோவா இருக்குமோ?" என்றாள் தாரிணி, ஆசையாக.

"அதுவும் இல்லீங்க மேடம். எந்த ஊருமே இல்லையாம்."

ஆறுச்சாமி பழகிய இடத்துக்கு வந்தவர்போல சுவரோரம் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தார். பூபதி சும்மா இருக்க மாட்டாமல் மூக்கை அவர் தோளில் வைத்தார். அது கூவிய கூவலில் வெளியே நின்ற நாய் குரைத்தது.

பூபதிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இவரு இங்க இருந்தாப் போதுங்க. குடும்பமா இருந்தா இன்னும் நல்லது."

"ஆனா பசுமை வீட்டுல வாடகைக்கு விடக் கூடாதுன்னு சட்டம் இருக்கே," என்றார் யோகமூர்த்தி.

"குடித்தனமாத்தான் கூடாதுங்க. பொருளாப் பதிஞ்சுக்கலாம். செவுத்தோட உயிர்ப்பொருள், உள்ளூர்த் தயாரிப்பு. அக்கா, உங்களுக்குச் சம்மதமா?"

சிந்தாமணி சுற்றிலும் பார்த்தாள். பெரிய அடுப்படி. பின்னால் கிணறு. பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம்.

"ஆட்டுக்கல்லுன்னு வேணாலும் எழுதிக்குங்க. ஆனா மூலை முடுக்குல ஒண்டிக்கிட்டு இருக்க மாட்டோம். நடு ஊட்டுலதான் இருப்போம். அடுப்படி எனக்கு."

"நாங்க?" என்றாள் தாரிணி.

பூபதி சங்கடத்தோடு சிரித்தார். "நீங்க இருந்தா செவுரு கொழம்புதுங்க மேடம். ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வந்துட்டுப் போங்களேன். ஒறம்பரையா."

அவர்கள் கோயம்புத்தூரில் ஏ.சி. உள்ள ஒரு பழைய கான்கிரீட் அடுக்குமாடிக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, வாசலில் காலைக் கழுவிவிட்டு, உள்ளே தரையில் உட்கார்ந்து, "எவ்வளவு குளிர்ச்சி," என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். சிந்தாமணி மோர் கொடுப்பாள். பேசும் சினேகிதர்களிடமெல்லாம் தாரிணி, "எங்க வீட்டுக்குப் போயிருந்தோம்," என்றுதான் சொன்னாள்.

சுவர் உயிர் பிழைத்தது. மிதுனா தூக்கம் கெடாமல் படித்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக சிந்தாமணி கோடையில் போர்வை போர்த்திக்கொண்டாள். இனி யார் வந்தும் நம்மைக் கிளம்பச் சொல்ல முடியாது என்று நினைத்தாள். அவள் நினைத்தது சரிதான்.

பன்னிரண்டாவது முடிவு வந்த பிறகு ஒரு காலையில் பூபதி சோதனைக்கு வந்தார். மூக்கு பிரமாதமாகக் கூவியது. சிந்தாமணி தட்டில் கச்சாயம் வைத்து நீட்டினாள்.

"எதுக்குங்க்கா பலகாரம்?"

"பாப்பாவுக்குத் தூத்துக்குடியில எடம் கெடச்சிருக்குதுங். கப்பல் இஞ்சின் படிப்பு. எங்க ரெண்டு பக்கத்துலயும் கடலைப் பாத்தவங்களே இல்ல. இவ அதுக்குள்ள போகப் போறா."

பூபதி எடுத்த கச்சாயத்தைத் தட்டிலேயே வைத்தார். "போக முடியாதுங்களே."

"ஏனுங்?"

"உள்ளூர்ப் பொருளை ஊர் எல்லை தாண்டி எடுத்துக்கிட்டுப் போகக் கூடாதுங்க. மண்ணுக் கடத்தலைத் தடுக்கப் புதுசாக் கொண்டாந்த விதி. செக்போஸ்ட்டுல பெரிய மூக்கே வெச்சிருக்குது. பஸ்ஸை நிறுத்திப் போடும்."

"பொருளா? இவ என்ற புள்ளைங்க சார்."

"ரெண்டுந்தானுங்க."

பூபதி கெட்டவர் இல்லை. ஊரில் யாரையும் அவர் அதட்டிப் பேசியதில்லை. விதியைச் சொல்லும்போதுகூட, தலைவலிக்கு மாத்திரை சொல்வதுபோல அக்கறையாகத்தான் சொல்வார்.

"பேரை எடுத்துருங்க அப்ப," என்றாள் சிந்தாமணி.

"பொருளாப் பதிஞ்சதைத் திருப்பி மனுசனாப் பதியறதுக்கு வழி வெக்கலீங்க்கா. யாரும் கேப்பாங்கன்னு அவங்க நெனைக்கல."

சுவரில் சாய்ந்திருந்த ஆறுச்சாமி, "பேசாம இங்கயே ஒரு காலேஜுல சேந்துக்க கண்ணு," என்றார்.

"இங்க கடல் எங்கப்பா இருக்குது?" என்றாள் மிதுனா. அவள் குரல் உயரவில்லை. "அப்ப நான் கல்யாணமும் இந்த ஊருக்குள்ளயே பண்ணிக்கணுமா சார்?"

"அது நல்லதுங்க. பொறக்கற குழந்தையும் செவுத்துக்கு ஆகும்." சொல்லிவிட்டு, சொன்னது சரியில்லையோ என்று பூபதிக்கே தோன்றியிருக்க வேண்டும். கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். அந்தக் குளிர்ந்த வீட்டில் அவருக்கு வேர்த்திருந்தது. "ஒரே ஒரு வழி இருக்குதுங்க. கட்டடக் கழிவு எல்லை தாண்டிப் போலாம். அதை யாரும் தடுக்கறதில்ல. சொன்னீங்கன்னா, கழிவுன்னு எழுதித் தர்றேன்."

சிந்தாமணி தட்டைக் கீழே வைத்தாள். "என்ற புள்ள கழிவா? முதல் மார்க்கு வாங்குன புள்ள."

"எழுத்துல மட்டுந்தானுங்க்கா."

"எழுத்துல மட்டும்னுதான் அன்னிக்குப் பொருள்னும் எழுதுனீங்க."

"எழுதட்டும்மா," என்றாள் மிதுனா. "பொருளுன்னாத் திருப்பிக் கேப்பாங்க. கழிவை யாரு தேடிக்கிட்டு வருவாங்க? நிம்மதியாப் படிக்கலாம்."

"இன்னொண்ணும் சொல்லிப் போடறேன்," என்றார் பூபதி. "வெளிய போன கழிவு திரும்ப ஊருக்குள்ள வர முடியாதுங்க. எப்பவும்."

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. சிந்தாமணி எழுந்து போய் அடுப்பைக் குறைத்துவிட்டு, அங்கேயே சற்று நின்றாள். அந்த அடுப்படிக்காக அவள் ஒரு வருடம் தரையில் புரண்டிருக்கிறாள், தங்கையை இழந்திருக்கிறாள். வெளியே கிணறு தெரிந்தது. அவள் கையால் நட்ட முருங்கை அதன் பக்கத்தில் பூத்திருந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"ரெண்டுன்னு எழுதுங்க."

"அக்கா, ரோசனை பண்ணிச் சொல்லுங்க. இந்த மாதிரி ஊடு…"

"பொட்டப் புள்ளையைத் தனியாக் குப்பையில போடச் சொல்றீங்களா? ரெண்டுன்னு எழுதுங்க."

"அப்பச் செவுத்துக்கு யாருங்க?"

சிந்தாமணி புருஷனைப் பார்த்தாள். "அவரு இருக்காரே. அசையாச் சொத்து."

ஆறுச்சாமிக்கு அது உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. சுவரைத் தடவிப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு, தரையில் ஒரு கையை ஊன்றி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"மூணுன்னே எழுதிப் போடுங்க சார்," என்றார். "தனியா இருந்தா எனக்கு வேர்க்காதுங்க."

பூபதி எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "மேடத்துக்கு என்னன்னு சொல்றதுங்க?" என்று தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார். அதற்குள் மூவரும் மூட்டை கட்டப் போய்விட்டார்கள்.

செக்போஸ்ட்டில் பஸ் நின்றது. பெரிய மூக்கு வாசல்படியில் தலையை நீட்டியதுமே கூவத் தொடங்கிவிட்டது. காவலர் ஏறி வந்து காகிதத்தை வாங்கிப் பார்த்தார். 'உள்ளூர்ப் பொருள், கழிவு, மூன்று' என்று வாய்விட்டுப் படித்தார். உடனே கைக்குட்டையால் தம் மூக்கை மூடிக்கொண்டு, "சீக்கிரம் எடுத்துட்டுப் போங்கப்பா, நாத்தம் அடிக்கறதுக்குள்ள," என்று டிரைவரிடம் சொன்னார்.

பஸ் நகர்ந்தது. மிதுனா ஜன்னலோரம் உட்கார்ந்து காதில் பாட்டு மாட்டிக்கொண்டாள். ஆறுச்சாமி ஊர் எல்லைக்கு அப்பால் என்னதான் இருக்கிறது என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு சிந்தாமணியின் காதருகே குனிந்தார்.

"ஏம் புள்ள, நம்மூரு மண்ணாட்டமேதான் இருக்குது?"

"மெதுவாப் பேசுங்க," என்றாள் சிந்தாமணி. "ஆபீசருக யாராச்சும் இருக்கப் போறாங்க."